முன் பெஞ்சு

செவ்ரே ஓடைக்கரை, லூசியானா
4 மார்ச் 2019

அன்புத் தங்கை வெர்லினுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். முழங்கால் வலிதான் என்னை விட்டுப் போக மாட்டேன் என்கிறது. பேத்தி டாக்டர் பரீட்சையில் பாஸ். ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டேன், உனக்குத்தான் கடைசி.

ஏன் கடைசி என்று உனக்கே தெரியும். துறவறச் சபைச் சாமியார்கள் நம் கோவிலில் நம்மிடம் மன்னிப்புக் கேட்டுப் பூசை வைக்கிறார்களாம். அந்தக் காலத்தில் அவர்கள் அடிமைகளாக விற்ற ஒவ்வொரு குடும்பத்துக்கும் முன் பெஞ்சில் ஓர் இடம். நற்கருணை அப்பமும் முதலில் அவர்களுக்கே. நம் பாட்டியின் பாட்டி ஹென்னிக்காக உட்காரப்போவது நீயாம். மளிகைக் கடைக்காரி சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

மூத்தவள் நான். வெள்ளைக்காரர்கள் நற்கருணை வாங்கி முடிக்கும்வரை கடைசி பெஞ்சில் அம்மாவோடு காத்துக் கிடந்தவள் நான். உனக்கு விவரம் தெரிவதற்குள் அந்த வழக்கமே போய்விட்டது. நான் ஐந்தாம் வகுப்பு, நீ டீச்சர். அதனால்தானே?

முன் பெஞ்சில் உட்காரப் புதுத் தொப்பி வாங்கிவிட்டாயா?

உன் அக்கா
ஒடேலியா


நியூ ஆர்லியன்ஸ்
15 மார்ச் 2019

பிரியமுள்ள அக்கா,

எனக்குத்தான் கடைசியா? பேத்தி பாஸானதை நீ சொல்வது இது மூன்றாம் தடவை. மூன்று தடவையும் சந்தோஷம்தான்.

சாமியாரிடம் உன் பேரைத்தான் முதலில் கொடுத்தேன். "அவங்க போனே எடுக்க மாட்டேங்கறாங்களேம்மா" என்றார். தெரியாத நம்பர் என்றால் நீ எடுத்தால்தானே?

தொப்பி ஊதா நிறம். கோபித்துக்கொண்டு வராமல் இருந்துவிடாதே.

உன்
வெர்லின்


செவ்ரே ஓடைக்கரை
9 ஏப்ரல் 2019

வெர்லின்,

பூசை முடிந்ததும் உன்னிடம் பேசாமல் வந்துவிட்டேன். அதனால் எழுதுகிறேன்.

நம் பழைய கடைசி பெஞ்சிலேயே போய் உட்கார்ந்தேன். முன்னால் அந்த ஊதாத் தொப்பியைப் பார்த்ததும் வயிறு எரிந்தது. மறைப்பானேன்?

சாமியார் நற்கருணையோடு முதலில் உன் முன்னால் வந்து நின்றார். நீ கை நீட்டவில்லை. "எங்க அக்கா பின்னாடி உக்காந்திருக்கா, சாமி. அவ வாங்கட்டும், அப்புறம் நான்." டீச்சர் குரல், கோவில் முழுக்கக் கேட்டது. அந்த மனிதர் அத்தனை பெஞ்சையும் தாண்டி என்னிடம் நடந்து வந்தார். அம்மா பார்த்திருக்க வேண்டும்.

வெளியே வந்தால் எல்லோரும் உன்னைத்தான் கட்டிப்பிடிக்கிறார்கள். "என்ன மனசு பாரு இவளுக்கு" என்கிறார்கள். விட்டுக்கொடுத்தும் நீதான் ஜெயித்தாய். அதற்கும் எரிந்தது.

ஒன்று மட்டும். மன்னித்துவிட்டோமா என்று அவர்கள் கேட்பார்கள். உன்னிடம்தான் கேட்பார்கள். வாயைத் திறக்காதே. அதைச் சொல்ல வேண்டியவள் மூத்தவள். நான் இன்னும் முடிவு பண்ணவில்லை.

தெரியாத நம்பரானாலும் இனி நான் எடுப்பேன் என்று சாமியாரிடம் சொல்.

ஹென்னி குடும்பத்து மூத்தவள்
ஒடேலியா