சுண்ணாம்பு சுட்ட உதடு

14-3-1978, செவ்வாய்

இன்று தேயிலைத் தோட்டத்தில், காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக் களத்தில் இருந்தவர்கள்: கணக்கு எழுதும் கிராணி சுப்பிரமணியம், கங்காணி வீரப்பன், புல்லைச் சாகடிக்கும் மருந்து அடிக்கும் செல்லம்மா, தங்கம்மா, என் மருமகள் காளியம்மா, என் மகன் அர்ஜுனன், ஆயாக்கொட்டகையில் பிள்ளை பார்க்கும் நான். தானா ராத்தா ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நர்ஸ் மிஸ்ஸி சாரதா. எழுதி வைக்கிறேன். நான் அங்கே இல்லை என்று பிறகு யாரும் சொல்லக்கூடாது.

வேலையில் காயம், நோவு உண்டா என்று மிஸ்ஸி ஒவ்வொருவராகக் கேட்டாள். நகத்தைப் பார்த்தாள். காளியம்மாவின் உதடு வெந்து கிடந்தது. மருந்துப் பம்பின் மூக்கு அடைத்துக்கொண்டால் வாயை வைத்து ஊதுவார்கள். எல்லாரும் அப்படித்தான். மிஸ்ஸிக்கு அது தெரியாது.

“உதட்டுல என்னம்மா?”

அர்ஜுனன் முந்திக்கொண்டான். “வெத்திலைக்குச் சுண்ணாம்பு கூடிப்போச்சு மிஸ்ஸி. வேற ஒண்ணுமில்ல லா.”

“அவ வெத்திலையே போடமாட்டாளேடா!” என்றேன்.

“அம்மாவுக்கு வயசாயிருச்சு மிஸ்ஸி. மறதி.”

“கெழவிக்கு மருமக மேல பாசம் பொங்குது!” செல்லம்மா சிரித்தாள். மிஸ்ஸி அடுத்தவளிடம் போய்விட்டாள்.

எனக்கா மறதி? வீரப்பன் வேலையை விடப்போகிறான். அந்த இடம் அர்ஜுனனுக்கு என்று பேச்சு. பெண்டாட்டியே நோவு என்று சொன்னால் கிராணி கொடுப்பானா? அதுதான்.

17-3

காளியம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை. கஞ்சிதான்.

“மருந்தடிக்கப் போகாதடி” என்றேன்.

“அவரு கங்காணி ஆகட்டும் அத்தை. அப்புறம் கொழுந்து பறிக்க மாறிக்கிறேன்.”

25-3

காளியம்மாவால் மூச்சு விட முடியவில்லை. லோரியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். நுரையீரலை மருந்து தின்றுவிட்டதாம். மிஸ்ஸி என் கையைப் பிடித்துக்கொண்டாள். “நீங்க சொன்னதை நான் கேட்டிருக்கணும் ஆயா. அன்னைக்கே அந்த வேலையை நிறுத்தச் சொல்லியிருப்பேன்.”

நான் இன்னொரு தரம் கத்தியிருக்கக் கூடாதா? பத்துப் பேர் முன்னால் மகனுக்குத் தலைக்குனிவு என்று — ஐயோ, என்ன பெரிய தலை அது!

2-4

காளியம்மா போய்விட்டாள். பேத்தி சரோஜாவுக்கு இன்னும் சொல்லவில்லை.

12-6

மிஸ்ஸி மறுபடி வந்தாள். பம்பு மூக்கு அடைத்தால் குத்தி எடுக்க ஆளுக்கொரு கம்பி. கை கழுவக் காட்டிலேயே தண்ணீர். என் மகன்தான் இப்போது கங்காணி. கம்பியைத் தூக்கிக் காட்டினான்.

“யாரும் வாய் வைக்காதீங்க. உதட்டுல சின்னப் புண்ணுன்னாலும் எங்கிட்ட சொல்லிருங்க லா. மறைக்காதீங்க.”

 தங்கம்மா அழுதாள். நன்றாகத்தான் சொன்னான்.

மிஸ்ஸியை ஆஸ்பத்திரியிலேயே மன்னித்துவிட்டேன். செல்லம்மாவின் சிரிப்பு என்றைக்காவது ஆறும். கிராணி யாரோ, தோட்டத்தை ஆளும் துரை யாரோ. வயிற்றில் சுமந்தேன், இன்றும் சோறு போட்டேன். ஆனால் என் கட்டை வேகும்வரை மன்னிக்க மாட்டேன் — அர்ஜுனனை.