பந்தைப் பின்னால் எறிகிறவனின் அப்பா

அக்டோபர் 5, ஞாயிறு

இன்று அறுபதாயிரம் பேர் முன்னால் மானம் போனது. சரி, அறுபதாயிரம் இல்லை. எங்கள் வரிசை, முன் வரிசை, பின் வரிசை. போதாதா?

ஆட்டம் முக்கால்வாசி முடிந்திருந்தது. எங்கள் ஊர் அமெரிக்கக் கால்பந்து அணி, டொலீடோ ஹெரான்ஸ், வழக்கம்போல் தோற்றுக்கொண்டிருந்தது. வரிசையாக ஐந்தாவது தோல்வி. ஒரு உதை முடிந்து, குவியலாக விழுந்தவர்கள் எல்லாரும் எழுந்தார்கள். விட்மர் மட்டும் எழவில்லை. முழங்காலைப் பிடித்துக்கொண்டு புல்லில் கிடந்தார். மைதானமே கப்சிப். சிலர் தொப்பியைக் கழற்றினார்கள். அந்த அமைதியில் ஒரே ஒருவன் குரல் மட்டும் ஃபோனில் முழங்கியது:

"டேய் கோரி! விட்மருக்கு முட்டி போச்சுடா! போன மாதிரிதான் தெரியுது! நீ ஷேவ் பண்ணிட்டியா?"

அந்த ஒருவன் நான்.

முன் வரிசையில் இருந்த அம்மாள் மெதுவாகத் திரும்பினாள். "அவரையும் ஒருத்தி பெத்திருக்கா, சார்."

ஐம்பத்தெட்டு வயதில் காது மடல் வரை சூடேறியது. பரிகாரமாக ஒரு சூடான சாக்லேட் வாங்கி அவளிடம் நீட்டினேன். வாங்கிக்கொள்ளவில்லை. நானே குடித்தேன். நாக்கு வெந்தது. பக்கத்து இருக்கை பெர்னி, என்னோடு இருபது வருஷமாக வீடுகளைச் சூடாக்கும் கொதிகலன் ரிப்பேர் பார்க்கிறவன், சும்மா இருப்பானா? "ஜீன், அடுத்த தடவை ஸ்ட்ரெச்சர் வர்றதுக்கு முன்னாடியே உன் பையனை இறக்கிடு" என்றான்.

விட்மருக்கு ஒரே வேலைதான். குனிந்து நின்று, இரண்டு கால்களுக்கும் நடுவே பந்தைப் பின்னால் எறிய வேண்டும். உதைக்கிற சமயத்தில் மட்டும் உள்ளே வருவார், எறிவார், போய்விடுவார். ஓர் அணிக்கு இப்படி ஒரே ஆள். என் மகன் கோரிக்கும் இந்த ஒரு வித்தைதான் தெரியும். கல்லூரி முடித்த நாளிலிருந்து அலைகிறான். நாலு அணிகள் கோடையில் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, சீசன் தொடங்குமுன் கைகுலுக்கி அனுப்பிவிட்டன. இப்போது டயர் கிடங்கில் வேலை. ஜனவரியில் தீயணைப்புப் படையில் சேர்வதாக ஒப்புக்கொண்டிருக்கிறான். "புது வருஷம் வரைக்கும்தாம்ப்பா. அப்புறம் பந்தைத் தொட மாட்டேன்" என்று சொல்லிவிட்டான். சொன்னால் சொன்னதுதான், அவன் அம்மா மாதிரி.

கடவுளே, விட்மருக்கு ரொம்ப வலிக்காமல் இருக்கட்டும். ஆனால் சீக்கிரம் குணமாகவும் வேண்டாம்.

இப்படி வேண்டிக்கொள்கிறவனை என்ன சொல்லித் திட்டுவது?

அக்டோபர் 6, திங்கள்

கோரியின் ஃபோனைச் சாப்பாட்டு மேசை நடுவில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சார்ஜ் இருக்கிறதா என்று திறந்து திறந்து பார்த்ததில் சார்ஜே பாதி தீர்ந்துவிட்டது. என் மனைவி ஜேனட் வந்து, "அது ஃபோன், ஜீன். முட்டை இல்ல. அடைகாத்தது போதும், எந்திரி" என்றாள்.

எழுந்தேன். உடனே மணி அடித்தது!! ஹெரான்ஸ்தான், நாளைக்கே வந்து எறிந்து காட்டச் சொல்லி.

அக்டோபர் 7, செவ்வாய்

இந்தத் தொழிலில் செவ்வாய்க்கிழமைதான் ஆள் தேடும் நாள். ஞாயிறு அடிபடும், திங்கள் டாக்டர் பார்ப்பார், செவ்வாய் புது ஆளைக் கூப்பிட்டுச் சோதிப்பார்கள். வேலை இல்லாத ஆட்டக்காரன் வீட்டில் செவ்வாய்க்கிழமை யாரும் சத்தமாகத் தும்மக்கூட மாட்டோம்.

விடிந்ததும் கொல்லையில் கோரி எறிய, நான் பிடித்தேன். பனியில் பந்து வழுக்கியது. அப்படியும் ஒவ்வொன்றும் என் நெஞ்சுக்கே வந்தது. "அப்பா, கையை ஆட்டாதே" என்றான். எனக்குக் கை மட்டுமா ஆடியது?

மூன்று பேரைக் கூப்பிட்டிருந்தார்களாம். மத்தியானம் ஒரு வீட்டு நிலவறையில் கொதிகலனுக்கு அடியில் படுத்திருந்தேன். ஃபோன்.

"அப்பா... எடுத்துக்கிட்டாங்க."

எடுத்துக்கிட்டாங்க! என் பிள்ளையை! துள்ளி எழுந்தேன், மேலே இரும்புக் குழாய் இருப்பதை மறந்து. நெற்றியில் தையல். தைத்த நர்ஸ் எப்படி ஆச்சு என்று கேட்டாள், சொன்னேன். "ஹெரான்ஸ்ல ஆடுறவங்களுக்குத்தான் அடிபடும்னு நெனச்சேன். அவங்க அப்பாமார்களுக்குமா?" என்றாள்.

ஜேனட் அழுதாள். நானும்தான். தையல் வலி என்று சொல்லிவைத்தேன்.

அக்டோபர் 12, ஞாயிறு

31-6 என்று தோற்றோம். பிரமாதமான நாள்!

கோரி எறிந்தது அத்தனையும் ஊசியில் நூல் கோத்த மாதிரி போனது. ஒவ்வொரு தடவையும் நான் எழுந்து கத்தினேன். என்னைச் சுற்றி எல்லாரும் எழவு வீட்டு முகத்தோடு உட்கார்ந்திருந்தார்கள். பின்னாலிருந்து ஒருவன், "யோவ், எந்த ஊர்க்காரன்யா நீ?" என்றான். "இந்த ஊர்தான். சந்தோஷமா இருக்கேன், தப்பா?" என்றேன். "இந்த ஊர்ல இருந்துக்கிட்டு சந்தோஷமா இருக்குறது தப்புதான்" என்றான்.

அக்டோபர் 28, செவ்வாய்

இது அணியா, ஆஸ்பத்திரியா? பந்து வீசித் தாக்குதலை நடத்துகிற முதல் ஆளுக்குக் கட்டைவிரல் முறிவு. அவனுக்கு மாற்றாக வந்தவனுக்குத் தோள். மூன்றாமவன் ஹாலோவீனுக்குப் பூசணிக்காய் தூக்கிக்கொண்டு மாடிப்படியில் இறங்கியபோது சறுக்கி இடுப்பு. கணுக்காலுக்குக் கட்டுப்போடுகிறவருக்கு மணிக்கட்டு வீங்கிவிட்டது. போன ஞாயிறு, அணியின் சின்னமான நாரை வேஷம் போட்டு ஆடுகிற பையனும் நொண்டிக்கொண்டு போனான். வானொலியில் ஒருவர், நேற்றுச் சேர்ந்தவன் இன்று ஆடுகிறான், ஒருவன் பேர் இன்னொருவனுக்குத் தெரியவில்லை என்று புலம்பினார்.

கோரி மட்டும் கல் மாதிரி இருக்கிறான். கண் பட்டுவிடாமல் இருக்க மரத்தைத் தொட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

நவம்பர் 2, ஞாயிறு

ஜெயித்துவிட்டோம்! எப்படி என்று யாருக்கும் தெரியவில்லை. எதிரணி எங்களைவிட மோசமாக ஆடியது என்பதுதான் உண்மை. ஊர் முழுக்க ஹாரன் சத்தம்.

நவம்பர் 23, ஞாயிறு

கோரி விழுந்தான்.

எறிந்து நிமிருமுன் எவனோ ஒருவன், மலை மாதிரி ஒருவன், மேலே வந்து விழுந்தான். பிள்ளை எழவில்லை. எழவே இல்லை. மைதானம் முழுக்கச் சத்தம் அடங்கியது. பெர்னி என் கையைப் பிடித்துக்கொண்டான்.

அப்போதுதான் உறைத்தது. ஒஹாயோவிலோ ஓரிகனிலோ எவனோ ஒரு அப்பன் இந்நேரம் டிவி முன்னால் குதித்திருப்பான். "டேய், ஹெரான்ஸ் பையன் விழுந்துட்டான்டா, ஷேவ் பண்ணு" என்று. அவனைக் கொன்றால் என்ன என்று தோன்றியது. கொல்ல நான் யார்? அவன் நான்தானே.

எழுந்துவிட்டான். விலா எலும்பில் அடி, முறிவு இல்லை. கையை ஆட்டிக்கொண்டு நடந்து போனான். நான் உட்கார்ந்தேன். இருக்கை மடங்கியிருந்ததைக் கவனிக்காமல் தரையில் உட்கார்ந்தேன்.

நவம்பர் 27, வியாழன்

நன்றி நாள் விருந்துக்குக் கோரி ஒருவரை அழைத்து வந்தான். விட்மர். ஊன்றுகோலோடு.

இத்தனை வாரமாக அவர்தான் ஒவ்வொரு சனிக்கிழமையும் வந்து கோரிக்குச் சொல்லித் தந்திருக்கிறார். ஈரப் பந்தை எப்படிப் பிடிப்பது, எந்த அணிக்காரன் எந்தப் பக்கமாகப் பாய்வான் என்று எல்லாம். எனக்குத் தெரியவே தெரியாது. வான்கோழி இருக்க, ஜேனட் இறைச்சி வைத்துச் சுருட்டிய முட்டைக்கோஸ் இலையைத்தான் நாலு தின்றார். அவர் முட்டியைப் பார்க்கத் தைரியம் வராமல் நான் குழம்புக் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"சார், உங்க குரல் நல்ல கனமான குரல்" என்றார் திடீரென்று.

"எப்படித் தெரியும்?"

"அன்னைக்குப் புல்லுல படுத்திருந்தேன்ல. தெளிவாக் கேட்டுச்சு."

பூமி பிளக்கவில்லை. அவர் சிரித்தார், கோரியும் சிரித்தான், ஜேனட் மேசைக்கு அடியில் என் காலை மிதித்தாள். "எங்கப்பாவும் இப்படித்தான் சார் எனக்கு வேலை கிடைச்சப்போ கத்துனாரு. என்ன, வீட்டுக்குள்ள கத்துனாரு" என்றார் விட்மர்.

டிசம்பர் 21, ஞாயிறு

பதினான்காவது தோல்வி. பாதிப் பேர் தலையில் காகிதப் பையைக் கவிழ்த்து, கண்ணுக்கு ஓட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார்கள். இப்போது ஊருக்கே புத்தி மாறிவிட்டது. கடைசி இடத்தில் முடிக்கிற அணிக்குத்தான் ஏப்ரலில் கல்லூரி ஆட்டக்காரர்களில் முதல் ஆளை எடுக்கும் உரிமை. டெக்சஸில் ஒரு பையன் இருக்கிறானாம், வானத்திலிருந்து இறங்கி வந்தவனாம். அடுத்த ஞாயிறும் தோற்றால் அவன் எங்களுக்கு. தப்பித்தவறி ஜெயித்தால் ஆள் எடுக்கும் வரிசையில் மூன்றாம் இடத்துக்குத் தள்ளப்படுவோம், பையன் போய்விடுவான்.

முப்பது வருஷமாக இந்த அணிக்குக் கத்துகிறவன் நான். எனக்கும் அந்தப் பையன் வேண்டும். ஆனால் கோரிக்கு இன்னும் ஒரே ஆட்டம்தான். புது வருஷம் வருகிறது. அடுத்த சீசனுக்கு இருக்கச் சொல்லி ஒருவரும் வாயைத் திறக்கவில்லை.

பெர்னி ஒரு வழி சொன்னான். "கோரி ஒழுங்கா எறியட்டும். உதைக்குற டல்லி வெளிய உதைக்கட்டும். ஊருக்கும் நல்லது, உனக்கும் நல்லது."

டிசம்பர் 28, ஞாயிறு

எழுதியே ஆக வேண்டும்.

பனி கொட்டுகிறது. கடைசி நொடிகள். இரண்டு புள்ளி பின்தங்கியிருக்கிறோம். டல்லி உதைத்து இரண்டு கம்பங்களுக்கும் நடுவே போட்டால் வெற்றி. சொந்த மைதானத்தில் சொந்த ஜனம் மொத்தமும் எழுந்து நின்று கத்துகிறது, "விட்டுடு! விட்டுடு!" என்று. இப்படி ஒரு கூத்தை நான் பார்த்ததே இல்லை. முன் வரிசை அம்மாள்கூடக் கத்தினாள்.

கோரி குனிந்தான். கையுறையைக் கழற்றிவிட்டு வெறுங்கையால் பந்தைத் துடைத்தான். விட்மர் சொல்லிக் கொடுத்தது அதுதான் போலிருக்கிறது. கொஞ்சம் உயரமாக எறிந்தால் போதும். ஊர் அவனைத் தோளில் தூக்கும். ஆனால் அப்புறம் எந்த அணியும் அவனை வாசலுக்குள் விடாது.

எறிந்தான்.

எத்தனையோ ஆயிரம் எறியை இந்தக் கையால் பிடித்திருக்கிறேன். இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. பனியைக் கிழித்துக்கொண்டு, ஆடாமல், குலுங்காமல், நிறுத்திப் பிடிக்கிறவன் கையில் போய் உட்கார்ந்தது. பிடித்தவன் பந்தை நட்டு வைத்தான். டல்லி உதைத்தான். நட்ட நடுவில் போனது.

"போட்டான்! போட்டான்டா!" என்று குதித்தது நான் ஒருவன்தான். அறுபதாயிரம் பேரும் ஊளையிட்டார்கள். பியர்க் கோப்பைகள் பறந்தன. பெர்னி தன் தலையிலிருந்த காகிதப் பையைக் கழற்றி என் தலையில் மாட்டினான். "உயிரோட வீட்டுக்குப் போகணும்னா வாயை மூடு" என்றான். ஓட்டை வழியாகப் பார்த்தேன், கோரியும் டல்லியும் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார்கள். பைக்குள்ளேயே சிரித்தேன். பைக்குள்ளேயே அழுதேன். அதற்கு அது ரொம்ப வசதி.

டிசம்பர் 30, செவ்வாய்

பயிற்சியாளரை நீக்கிவிட்டார்கள். வானொலியில் காலையிலிருந்து டல்லிக்கு அர்ச்சனை. அவன் வீட்டு மரத்தையெல்லாம் கழிப்பறைக் காகிதத்தால் சுற்றியிருக்கிறார்களாம். கோரியின் ஃபோன் மேசையில் கிடக்கிறது. இன்று நான் அடைகாக்கவில்லை. ஜேனட் அடைகாக்கிறாள்.

ஜனவரி 2, வெள்ளி

தீயணைப்புப் படைக்காரர்களிடம் ஒரு மாசம் அவகாசம் கேட்டிருக்கிறான். சொன்னால் சொன்னதுதான் என்று எழுதியிருந்தேனே, அடித்துவிடலாம்.

பிப்ரவரி 3, செவ்வாய்

இரண்டு வருஷம்! கையெழுத்துப் போட்டுவிட்டான்! புதுப் பயிற்சியாளர் வந்து, "நம்ம எறிகிற ஆள் எப்படி?" என்று கேட்டாராம். யாருக்கும் அவனைப் பற்றி ஒரு குறையும் ஞாபகம் வரவில்லையாம். "அப்போ அவனே இருக்கட்டும்" என்றாராம். விட்மர் பக்கத்து ஊர்ப் பள்ளியில் பயிற்சியாளராகிவிட்டார். முதலில் ஃபோன் பண்ணி வாழ்த்தியது அவர்தான்.

இந்த முறை குழாய் இல்லாத இடமாகப் பார்த்துத் துள்ளினேன்.

ஏப்ரல் 30, வியாழன்

இன்று அந்தப் பெரிய நாள், கல்லூரிப் பையன்களைத் தேர்ந்தெடுக்கும் நாள். நான் ஒரு வீட்டு நிலவறையில் வெந்நீர்த் தொட்டி ஒழுகலை அடைத்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்காரன் முப்பது வயசு இருப்பான், ஹெரான்ஸ் சட்டை, கையில் பியர், டிவியைச் சத்தமாக வைத்திருந்தான். டெக்சஸ் பையனை முதல் ஆளாக வேறு அணி கொண்டுபோய்விட்டது. அவ்வளவுதான், சாமி வந்த மாதிரி ஆடினான்.

"அந்த டல்லி நாசமாப் போக! பந்தைப் பிடிச்சு வெச்சானே, அவன் கை வெளங்காமப் போக! உதைக்கச் சொன்ன பழைய கோச் எந்த ஊர்ல இருந்தாலும் உருப்பட மாட்டான்! அன்னைக்குக் காத்தாவது அடிச்சிச்சா, பாஸ்? பாழாப்போன காத்து!"

காற்று வரை வந்துவிட்டான். குறடைத் திருகிக்கொண்டே மெதுவாகக் கேட்டேன், "பந்தைப் பின்னால எறிஞ்சது யாரு?"

பியரைக் கீழே வைத்து யோசித்தான். நிஜமாகவே யோசித்தான்.

"எறிஞ்சதா? யாரு எறியணும்? அது தானா வரும் பாஸ்."

நான் தலையை ஆட்டினேன். தொட்டியைத் துடைத்தேன், ரசீது கொடுத்தேன், "அடுத்த வருஷம் பார்ப்போம்" என்றுகூடச் சொன்னேன். தொண்டை வரை வந்த ஒன்றை மட்டும் விழுங்கிவிட்டுப் படியேறினேன்:

யோவ், அவனையும் ரெண்டு வார்த்தை திட்டுய்யா. அவன் பேர் கோரி மோல்னார்.