மலையில் இல்லாத டான்டலம்

மார்ச் 4

அன்புள்ள மகாராணிக்கு,

நலம். நீ நலமாக இருப்பது ஆய்விதழைப் பார்த்தாலே தெரிகிறது. கடலடி எரிமலைக் கற்களைப் பற்றிய உன் கட்டுரையில் உன் பெயர், இயக்குநர் பெயர், அவர் மைத்துனர் பெயர். என் பெயரைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினேன், இல்லை.

கப்பலில் வாந்தி எடுத்துக்கொண்டே, கடலடியைச் சுரண்டி மேலே வந்த இரும்புக் கூடையிலிருந்து அந்தக் கற்களை அள்ளியது யாரடி? என் பெயரில் ஒரு கட்டுரைகூட இல்லை என்று சொல்லித்தான் ஆய்வகத்திலிருந்து என்னை அனுப்பினார்கள். அதை முடிவு செய்த கூட்டத்தில் நீயும் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தாயாம். இப்போது சிமென்ட் ஆலையில் சுண்ணாம்புக்கல் சோதிக்கிறேன். வயிறு எரிகிறது, மறைக்க மாட்டேன்.

உன்
சிடுமூஞ்சி

மார்ச் 19

என் செல்லச் சிடுமூஞ்சிக்கு,

கோபம் இன்னும் மூக்கு நுனியில்தானா? பெயர்களை வெட்டியது இயக்குநர். நான் என்ன செய்வேன், சொல்லு. சித்தி ஏன் வருவதே இல்லை என்று என் மகள் உன்னைக் கேட்டுக்கொண்டே இருக்கிறாள்.

ஒரு சின்ன உதவி. அந்தக் கற்களில் டான்டலம் என்ற அரிய உலோகம் வழக்கத்தைவிடப் பல மடங்கு இருக்கிறது, பூமியின் ஆழத்தில் நாம் அறியாத ஊற்று ஒன்று உண்டு என்று எழுதியிருந்தேன் அல்லவா? யாரோ ஒரு வெளியூர்க்காரர் இதழுக்கு ஆட்சேபம் எழுதியிருக்கிறார். இயற்கையில் டான்டலத்தோடு சேர்ந்தே இருக்கும் உலோகம் நியோபியம், டான்டலம் ஏறினால் கூடவே அதுவும் ஏறியிருக்க வேண்டுமே, ஏன் ஏறவில்லை என்கிறார். சரிபார்க்க அரைக்காத கற்களை இதழ்க்காரர்கள் கேட்கிறார்கள். என்னிடம் தூள்தான் மிச்சம். உன்னிடம் துண்டுகள் இருக்குமே. உடனே அனுப்புடி.

ஆயிரம் முத்தங்களுடன்
உன் மகாராணி

மார்ச் 27

மகாராணிக்கு,

துண்டுகள் பத்திரமாக இருக்கின்றன, தர மாட்டேன்.

காரணம் உனக்கே தெரியும். நீ கற்களை டங்ஸ்டன் கார்பைடு கிண்ணத்தில் போட்டு அரைத்தாய். அந்தக் கிண்ணத்தின் உலோகத்திலேயே டான்டலம் உண்டு. அரைக்க அரைக்கத் தேய்ந்து தூளோடு கலக்கும். உலோகமே கலக்காத அகேட் கல் கிண்ணத்தில் அரை, நேரம் ஆனாலும் பரவாயில்லை என்று அன்றைக்கே தலைப்பாடாக அடித்துக்கொண்டேன். நீ என்ன சொன்னாய்? "சும்மா இருடி, எதுல அரைச்சா என்ன, தூள் தூள்தானே." மாநாட்டுக்குச் சுருக்கம் அனுப்பும் அவசரம் உனக்கு.

நீ மலையை அளக்கவில்லை, கிண்ணத்தை அளந்திருக்கிறாய். கிண்ணத்தில் உள்ள கோபால்ட்டும் டங்ஸ்டனும்கூட எகிறியிருக்குமே, அந்த இரண்டையும் அட்டவணையில் போடாமல் விட்டது ஏன்? படித்ததும் வாய்விட்டுச் சிரித்தேன். பக்கத்து மேசைக்காரர் என்னம்மா விஷயம் என்று எழுந்து வந்துவிட்டார்.

சிடுமூஞ்சி

ஏப்ரல் 8

என் உயிர்த்தோழிக்கு,

உன் காலில் விழுகிறேன் என்றே வைத்துக்கொள். அடுத்த மாதம் இயக்குநர் பதவிக்கு நேர்காணல். இந்த நேரத்தில் கட்டுரையைத் திரும்பப் பெற்றால் என் கதை முடிந்தது.

நீ ஒரே ஒரு வரி எழுதிக் கொடு, கற்களை அரைத்தது நீதான், கிண்ணம் மாறியது உன் கவனக்குறைவு என்று. நீதான் இந்தத் துறையை விட்டே போய்விட்டாயே, உனக்கு என்ன நஷ்டம்? திருத்திய கட்டுரையில் உன் பெயரைச் சேர்த்துவிடுகிறேன், சத்தியமாக. கோபத்தை மனதில் வைத்துக்கொண்டு என் வாழ்க்கையில் மண்ணைப் போட்டுவிடாதே.

உன்னையே நம்பியிருக்கும்
மகாராணி

மே 2

இயக்குநர் பதவிக்கு விண்ணப்பித்திருக்கும் அம்மையாருக்கு,

பிழையைச் சுமக்க ஆள் வேண்டியபோதுதான் என் பெயர் உங்கள் நினைவுக்கு வந்தது. அதுவரை கொஞ்சம் தயக்கம் இருந்தது. உங்கள் சென்ற கடிதத்தைப் படித்ததும் அதுவும் போயிற்று.

கற்களை அனுப்பிவிட்டேன். உங்களுக்கு அல்ல, இதழாசிரியருக்கு. அவர்கள் வேறோர் ஆய்வகத்தில் அகேட் கிண்ணத்தில் அரைத்து அளந்திருக்கிறார்கள். டான்டலம் மற்றக் கடலடி மலைகளில் இருக்கும் அளவுதான். ஊற்றும் இல்லை, ஒன்றும் இல்லை. நீங்கள் கேட்டபடி ஒரு வரியும் எழுதினேன், அரைத்தது யார், எந்தக் கிண்ணத்தில் என்று. உள்ளதை உள்ளபடி எழுதினேன். நேர்காணலுக்கு முன்பே கட்டுரையை நீக்கும் அறிவிப்பு வெளிவரும் என்று நேற்றுப் பதில் போட்டிருக்கிறார்கள்.

அதைப் படித்ததும் மனம் கிடந்து தவிக்கும், உங்கள் மகளின் முகம் கண்ணில் நிற்கும் என்று எதிர்பார்த்தேன். பசிதான் எடுத்தது. போய் வயிறாரச் சாப்பிட்டுவிட்டு வந்து இதை எழுதுகிறேன்.

இனி எனக்கு எழுத வேண்டாம்.

இப்படிக்கு,
கற்களை அள்ளியவள்