ஆன்டெனா அம்பு

9-8-77, செவ்வாய். சலாலா, ஓமன்
இன்று சொல்லாதது: அந்த அம்பில் கனம் போதாது. எய்தால் வில் உடையும்.

தூறல். துணி எதுவும் காயவில்லை. மாலையில் காசிம் பாய் வந்தார். கீழக்கரைக்காரர், சூக்கில், அதாவது இந்த ஊர்ச் சந்தையில், துணிக்கடை. வந்தவர் முன்னால் கணவரைத் திருத்தக் கூடாது. போன மாதம் படித்த பாடம்.

வில், ஊருக்குத் திரும்பிய வெள்ளைக்கார மேனேஜர் கொடுத்துவிட்டுப் போனது. துப்பாக்கி மாதிரி விசையை இழுத்து எய்யும் குறுக்குவில். கூட வந்த மர அம்புகள் மலையில் தொலைந்தன. இவர் பழைய டிவி ஆன்டெனாவை அறுத்து அலுமினிய அம்பு செய்திருக்கிறார்.

"தோட்டா மாதிரி பறக்கும் பாய்!"

"மொயல் சாவுமா சார், இல்ல உக்காந்து டிவி பாக்குமா?"

நான் மட்டும் சிரித்துவிட்டேன். முறைப்பு.

10-8-77, புதன்
வில்லோடு வந்த புத்தகத்தை மறுபடி படித்தேன். நாணின் விசையை அம்பு வாங்கிக்கொண்டு போக வேண்டும். அம்பு லேசாக இருந்தால் மிச்சம் வில்லுக்கே திரும்பும். சமையலறைத் தராசில் வைத்துப் பார்த்தேன். புத்தகம் கேட்கும் எடையில் பாதிதான்.

சாப்பிடும்போது சொன்னேன்.

"நீ படிச்சது லிட்ரேச்சர். நான் மெக்கானிக்கல்."

"முனையில கொஞ்சம் ஈயமாவது சேருங்களேன்."

"வெயிட் ஏறினா வேகம் குறையும். அஞ்சாங்கிளாஸ் பையனுக்குத் தெரியும். ஹலாஸ், விடு."

குறையும்தான். முயல் என்ன ஏடனிலா நிற்கிறது?

பெண் பார்க்க வந்தபோது, "நெறைய படிப்பாளாமே" என்று மாமியாருக்குப் பெருமை. படிக்கிற வரை சரி.

வாங்க: பால் பவுடர், கறுப்பு நூல், மண்ணெண்ணெய்.

12-8-77, வெள்ளி
மூடுபனி. மலையே தெரியவில்லை. பீரோவுக்குப் பின்னால் ஒரு பழைய மர அம்பு கிடைத்தது. நல்ல கனம். வாசல் வரை போய்க் கொடுத்தேன்.

"இதுவா? ஆமை." திரும்ப என் கையிலேயே.

காசிம் பாய் பிக்கப்பில் ஹாரன். "யல்லா சார்! தங்கச்சி, மசாலா அரைச்சு வைங்க!"

அரைத்து வைத்தேன்.

13-8-77, சனி
நேற்று மலையில் முதல் அம்பிலேயே வில் உடைந்தது. ஒரு துண்டு இவர் முகத்தில். ஆஸ்பத்திரி வராந்தாவில் காசிம் பாய் குழந்தை போல அழுதார்.

பார்க்க வருகிறவர்களிடம் எல்லாம் கட்டோடு படுத்தபடி இவர்: "மட்டமான வில்லு. வெள்ளைக்காரன் நம்ம தலையில கட்டிட்டான்."

ஃபிளாஸ்க்கிலிருந்து எல்லோருக்கும் டீ ஊற்றினேன்.

14-8-77, ஞாயிறு
இடது கண்ணை எடுத்துவிட்டார்கள்.