அக்கா மகன்

ஆசீர் அப்பா,

நைட் ஷிப்ட் முடிஞ்சு வந்ததும் சாப்பிடுங்க. ஹாட்பாக்ஸ்ல இட்லி இருக்கு. நானும் ஆசீரும் சர்ச்சுக்குப் போறோம்.

நேத்து புதூர் பஸ்ல ஒரு அம்மா, "பையனுக்கு மூளை வளர்ச்சி கம்மியோ? உங்க மகனா?"ன்னு கேட்டதுக்கு, "அக்கா மகன்"னு சொல்லிட்டேன். பின்னால நின்ன உங்க காதுல விழுந்துட்டு. பேசாமலே மில்லுக்குப் போயிட்டீங்க. எனக்கு அது வேணும்தான்.

உங்களுக்குத் தெரியாதது ஒண்ணு இருக்கு. காலையில சட்டை மாட்டிவிடும்போது, "சித்தி, பட்டன்"னு சொன்னான். அவனுக்கு ஒண்ணும் விளங்காதுன்னு நெனச்சிருந்தேன்.

அங்கனயே முழங்கால் போட்டேன். இத்தனை வருஷமா, "ஆண்டவரே, எனக்கு ஏன் இப்படி ஒரு பிள்ளை"ன்னுதான் ஜெபம் பண்ணியிருக்கேன். இன்னைக்கு, "இவனுக்கு ஏன் என்னைத் தாயாக்குனீர்"னு கேட்டேன். ஆசீரும் பக்கத்துல முழங்கால் போட்டு "ஆமென்"னான். எனக்குன்னு அவர் வச்ச ஊழியம் இவன்தான்னு அப்பதான் புரிஞ்சுது.

எப்பவும் இவனைக் கடைசி பெஞ்சுலதான் மறைச்சு வைப்பேன். இன்னைக்கு சாட்சி சொல்லுத நேரத்துல இவனோட எழும்பி, என் மகன்னு சொல்லப் போறேன். உங்களுக்கு முடிஞ்சா வாங்க.

பியூலா

"நான் உனக்கு யாருல?"ன்னு கேட்டுப் பார்த்தேன். இன்னும் பதில் சொல்லல.

எழுத்து கோணலா இருக்கும். இடது கையால எழுதுதேன். வலது கையை இவன் விடமாட்டேங்கான்.