ஞாயிற்றுக்கிழமைச் சங்கு

அன்புள்ள வீட்டம்மாவுக்கு,

"தரை காயட்டும், அப்பத்தான் திரும்பி வருவேன்"னு உன் அக்கா வீட்டுக்குக் கிளம்பிப் போனாயே, அது விஷயமாகத்தான் எழுதுகிறேன்.

நான் தூக்கிவந்த நாய்க்குட்டி இப்போது வீட்டுக்குள் ஒரு சொட்டு விடுவதில்லை. மில்லில் சாப்பாட்டுச் சங்கு ஊதியதும் வீட்டுக்கு ஓடிவந்து, சோற்றில் கை வைக்கும் முன் அதை வாசல் மண்ணுக்குக் கூட்டிப் போகிறேன். பெற்ற பிள்ளைக்கு ஒருநாளும் கால் கழுவிவிடாத மனுஷன்தான். சிரிக்காதே.

நேற்று ஞாயிறு, மில் லீவு, சங்கு இல்லை. குட்டி நெளிகிறது, முனகுகிறது, கதவைத் திறந்துவிட்டாலும் படி இறங்க மாட்டேன் என்கிறது. சங்கு ஊதினால்தான் போகவேண்டும் என்று படித்து வைத்திருக்கிறது! வேறு வழியில்லாமல் தெருவில் நின்று நானே வாயால் ஊதினேன். எதிர்வீட்டுத் தையல்காரம்மா எட்டிப் பார்த்து, "என்னண்ணே, ஞாயித்துக்கிழமையும் ஷிஃப்டா?" என்றார். குட்டி பாய்ந்து போய் மண்ணில் காரியத்தை முடித்தது. பத்தாவது தாண்டாத எனக்கு இப்படி ஒரு மாணவன்! தெரு சிரித்தது, நான் மார்பை நிமிர்த்திக்கொண்டு உள்ளே வந்தேன்.

நீ சுலபத்தில் நம்பமாட்டாய். கட்டிலில் தனியாகத் தூக்கம் வராமல், ஒரு வாரமாக அந்தத் தரையில்தான் படுக்கிறேன். முதுகு நனையவே இல்லை.

உன் வீட்டுக்காரன்