ஒரே ஒரு காலேஜ் பேரு

ராயபுரம், மெட்ராஸ்
5-7-53, ஞாயித்துக்கெழம

என் மூத்த மகன் சிரஞ்சீவி மனோகரனுக்கு அம்மா பவுனம்மாள் எழுதிக்கினது. நீயும் மருமக மங்கையும் பேரப்புள்ளையும் அந்த பம்பாய் மழையில ஜொரம் சளி இல்லாம சொகமா கீறீங்கன்னு நெனைக்கிறேன். இங்க நாங்க மூணு பேரும் ஒடம்புக்கு நல்லா கீறோம். மனசுக்கு நல்லா இல்ல. எப்பவும் உங்க நைனா தான எழுதுவாரு, இன்னிக்கி இன்னா அம்மா கையெழுத்துன்னு நீ பாப்பே. அவரு எழுதினா உனக்கு நோவாத மாதிரி எழுதுவாரு. நான் அஞ்சாங்கிளாஸோட நின்னவ, எனக்கு அப்டி எழுத வராது. தப்பும் தவறுமா இருந்தாலும் கடைசி வரிக்கும் படி. நடுவுல மடிச்சி பாக்கெட்ல வெச்சிகினு ஆபீசுக்கு போய்டாதே.

போன மாசம் இருவத்திரெண்டாந்தேதி காலைல உன் தங்கச்சி புஷ்பாவுக்கு, நீ போடச் சொன்ன அந்த பீச் ரோட்டு காலேஜ்லேர்ந்து சீட்டு இல்லன்னு கார்டு வந்திச்சு. அவ அத்த ரெண்டு தபா படிச்சிட்டு மடிச்சி அரிசி டின்னு மேல வெச்சிட்டா. நான் தீப்பெட்டி கம்பெனிக்கு போய்ட்டு சாயங்காலம் திரும்பி வந்து மொகம் கூட கழுவல, உன் பம்பாய் தோஸ்தோட நைனா, தண்டையார்பேட்ட கோதண்டம், தட்டுல வாழப்பழம், பூவு, வெத்தில பாக்கு எல்லாம் வெச்சிகினு வாசல்ல வந்து நிக்கிறாரு. சீட்டு இல்லன்னு தெரிஞ்சிடிச்சாம்மா, அப்ப இந்த ஆவணியிலயே நம்ம பையனுக்கு முடிச்சிடலாம்னு சிரிச்சிகினே சொல்றாரு. எனக்கு ஒண்ணும் புரியல. எங்களுக்கே இன்னிக்கி காலைல தான தெரியும், உங்களுக்கு எப்டி தெரியும்னு கேட்டேன். அந்த மனுசன் சூது வாது தெரியாதவரு. உங்க மகன் தான ஜூன் கடைசிக்குள்ள தெரிஞ்சிடும்னு எழுதி கீதுன்னு சொல்லி சட்டப் பாக்கெட்லேர்ந்து உன் கடுதாசிய எடுத்து என் கையிலயே குடுத்துட்டாரு.

டேய் மனோகரா, உன் கையெழுத்து எனக்கு தெரியாதா. நீ சிலேட்டுல அ போட்டதுலேர்ந்து பாத்தவ நான். அதுல நீ இன்னா எழுதி கீறே, ஞாபகம் கீதா, இல்ல நான் திருப்பி எழுதணுமா. தங்கச்சி காலேஜ் காலேஜ்னு புடிவாதம் புடிக்கிறா, நேரா வேணாம்னா அம்மா சண்டைக்கி வரும், அதனால அவ மார்க்குக்கு எட்டாத காலேஜ் ஒண்ணே ஒண்ணுக்கு மட்டும் போடச் சொல்லி கீறேன், அதுவும் கணக்கு குரூப்பு, நிச்சயமா கெடைக்காது, அப்பால நீங்க போய் பேசினா வூட்ல யாரும் மறுத்துப் பேச மாட்டாங்கன்னு எழுதி கீறே. கல்யாணமாகி அவளும் பம்பாய்க்கே வந்துட்டா மங்கைக்கி ரெண்டாவது பிரசவத்துக்கு கூட மாட ஒத்தாசையா இருக்கும்னு எழுதி கீறே. மங்கை மறுபடி முழுகாம கீறான்ற சேதியயே நான் அடுத்தவன் பாக்கெட்லேர்ந்து வந்த கடுதாசில தான் தெரிஞ்சிக்கினேன். பெத்தவளுக்கு சொல்றதுக்கு உனக்கு நேரமில்ல. வந்த மனுசன் கிட்ட மொகத்த காட்டக் கூடாதுன்னு ஒரு லோட்டா தண்ணி குடுத்து, அவரு கொண்டாந்த தட்ட அப்டியே திருப்பி குடுத்து அனுப்பிச்சேன். அவரு மேலயும் அந்தப் பையன் மேலயும் எனக்கு ஒரு கோவமும் இல்ல. உன் தோஸ்து நல்ல பையனாவே இருக்கட்டும். ஆனா ஒரு பொண்ணுக்கு வழி காட்டறேன்னு சொல்லி, செவுத்துல கொண்டு போய் முட்ட உட்டுட்டு, பாத்தியா வழியில்லன்னு சொல்றது எந்த ஊரு நியாயம்.

மார்க்கு கம்மின்னு சொல்றியே. கணக்குல முப்பத்தாறு, இங்கிலீசுல நாப்பத்தி நாலு, மெய் தான், நான் இல்லன்னு சொல்லல. ஏன் கம்மி. போன வருசம் செப்டம்பர்லேர்ந்து நவம்பர் முடியற வரிக்கும் அவ யாரு வூட்ல இருந்தா. மங்கைக்கி மொத பிரசவம், ரத்தம் போயி படுத்த படுக்கையா கீறா, யாராச்சும் வந்தா தான் ஆச்சுன்னு நீ தந்தி குடுத்தே. எனக்கு கம்பெனில லீவு இல்லன்னுட்டான். நான் தான் இந்தப் பாவி, பரீட்சைக்கு படிக்கிற பொண்ண ரயிலேத்தி அனுப்பிச்சேன். உன் புள்ளைக்கி பீத்துணி தொவச்சா, உன் பொண்டாட்டிக்கி பத்தியம் வெச்சா, உனக்கு டிபன் கட்டி குடுத்தா. அவ திரும்பி வரும்போது கிளாஸ்ல பாதி அல்ஜீப்ரா முடிஞ்சி போச்சு. அந்த முப்பத்தாறுல உன் பங்கு எவ்ளோன்னு நீயே கூட்டிப் பாரு, நீ தான் ஆபீஸ்ல கணக்கு எழுதறவனாச்சே. நீ மொத தபா பரீட்சை எழுதி கணக்குல இருவத்தொம்போது வாங்கிகினு வந்தப்போ, உங்க நைனா ஹார்பர்லேர்ந்து வந்த கையோட எண்ணெ கறை சட்டையோட வாத்தியார் வூட்டுக்கு போயி, மறுபடி எழுத வையுங்க சாமின்னு கையெடுத்து கும்பிட்டாரு. அன்னிக்கி உன்ன யாரும் ஒரு எடத்துக்கு கட்டி அனுப்பலியே.

உங்க நைனா கிட்ட உன் கடுதாசில இருந்தத சொன்னேன். அவன் நல்லதுக்குத் தான் செஞ்சிருப்பான்னாரு. அவரு மேலயும் எனக்கு வந்திச்சி பாரு கோவம், அன்னிக்கி சோறு போடும்போது கரண்டி தட்டுல மோதின சத்தம் நாலு வூட்டுக்கு கேட்டிருக்கும். கோதண்டம் வந்தப்பவும் சரி, அப்பவும் சரி, புஷ்பா வூட்ல இல்ல, கூடப் படிச்ச தாஹிரா வூட்டுக்கு போயிருந்தா. திரும்பி வந்ததும், வேற காலேஜுக்கு போடலாம் வாடின்னேன். வேணாம்மா, அண்ணனுக்கு எல்லாம் தெரியும், அது சொன்ன எடத்துல கெடைக்கலன்னா எனக்கு படிப்பு வராதுன்னு தான் அர்த்தம்னா.

மறுநாள் தாஹிராவோட நைனா அமீருதீன் பாய் கிட்ட இழுத்துகினு போனேன். அவரு ஒரு ஆம்பள காலேஜ் ஆபீஸ்ல இருவது வருசமா பியூனா கீறாரு, எந்த மார்க்கு எங்க நிக்கும்னு அவருக்கு அத்துப்படி. மார்க்கு போட்ட எஸ்.எஸ்.எல்.சி. புக்க வாங்கி ஒவ்வொரு வரியா வெரல வெச்சி பாத்தாரு. ஏம்மா, கணக்கயே ஏன் பாத்துகினு கீறீங்க, தமிழப் பாருங்க எழுவத்திரெண்டு, சரித்திரம் பூகோளம் அறுவத்தாறு, காலேஜுக்கு லாயக்குன்னு புக்குலயே போட்டு கீறான், இது சரித்திரம் படிக்கிற மூணாவது குரூப்பு பொண்ணு, இத்த போயி எவன் கணக்கு கீற மொத குரூப்புக்கு போடச் சொன்னதுன்னு கேட்டாரு. நான் தலைய குனிஞ்சிக்கினேன். அவரு காலண்டர் தாள் பின்னாடி எழுத ஆரம்பிச்சாரு. மொதல்ல ஆறு எடம் சொன்னாரு, ரெண்டு எடத்துல தேதி முடிஞ்சி போச்சுன்னு அவரே அடிச்சாரு. கெடைக்காதுன்னு தோணினாலும் ஆசைக்கி ஒண்ணு போடுங்க, அவங்க எடுக்கற மார்க்கும் நம்ம மார்க்கும் பக்கத்துல பக்கத்துல கீற மாதிரி ரெண்டு போடுங்க, எதுவும் இல்லன்னா டீச்சர் டிரெயினிங் ஒண்ணு கடைசில இருக்கட்டும், ஆனா கடைசி பேரையும் மனசார எழுதுங்க, போவ இஷ்டமில்லாத எடத்தை பேருக்காக எழுதாதீங்கன்னாரு. புஷ்பா அந்த தாள வாங்கி ரொம்ப நேரம் பாத்தா. அப்பால டிரெயினிங்னு எழுதின எடத்துல வெரல வெச்சி, இதுக்கும் நான் போவேன் சாச்சா, எனக்கு சின்னப் புள்ளைங்கள புடிக்கும்னா. ஒரு மாசத்துல அன்னிக்கி தான் அவ வாய தொறந்து எனக்கு இது வேணும்னு சொன்னா.

கம்பெனில மேஸ்திரி மொறச்சான், மொறச்சிகினு போடான்னு மூணு நாளு லீவு போட்டேன். ட்ராம் ஏப்ரல்லயே நின்னு போச்சா, பஸ்ல தொங்கிகினு தான் எல்லாம். மயிலாப்பூர் பக்கம் ஒண்ணு, அது தான் ஆசைக்கி போட்டது, அங்க அப்ளிகேசன வாங்கிப் பாத்துட்டு அப்பவே இல்லன்னு திருப்பி குடுத்துட்டாங்க. நுங்கம்பாக்கத்துல ஒரு அம்மா தடதடன்னு இங்கிலீசுல கேள்வி கேட்டாங்க, இவளுக்கு நாக்கு ஒட்டிக்கிச்சி, வெயிட்டிங் லிஸ்டுன்னு சொல்லி பேர எழுதிக்கினாங்க. வெளிய வந்ததும் பஸ் ஸ்டாப்புல நின்னு அழுதா. வூட்டுக்கு போய்டலாம்மான்னா. நான் ஒரு சோடா வாங்கி குடுத்து, குடிச்சிட்டு நட, இன்னும் பேரு பாக்கி கீதுன்னேன். எனக்கும் உள்ளுக்குள்ள பயம் தான், அவளுக்கு காட்டல.

எழும்பூர் பக்கத்து காலேஜ்ல தலைவியம்மா கண்ணாடி போட்டுகினு நிதானமா புக்க பாத்தாங்க. வருகைப் பக்கத்த தொறந்து வெச்சிகினு, செப்டம்பர்லேர்ந்து மூணு மாசம் எங்க போனேன்னு கேட்டாங்க. வூட்ல வேல இருந்திச்சிம்மான்னு ஒரே வார்த்த சொல்லிட்டு நின்னா உன் தங்கச்சி. உன் பேர சொல்லல. எனக்குத் தான் தாங்கல. எங்க மகன் வூட்ல பிரசவம்மா, அவ போவ மாட்டேன்னு தான் சொன்னா, நான் தான் அனுப்பிச்சேன், அந்த மார்க்கு போனது அவ தப்பு இல்ல, என் தப்புன்னு கத்திட்டேன். ஆபீஸ்ல எல்லாரும் திரும்பிப் பாத்தாங்க. அந்தம்மா என்ன குந்துங்கன்னாங்க. ஒரு இங்கிலீசு புக்க புஷ்பா கைல குடுத்து, மெதுவா படி, அவசரமில்ல, படிச்சிட்டு இன்னா புரிஞ்சிதுன்னு தமிழ்ல சொல்லுன்னாங்க. அவ படிச்சா, சொன்னா. மொதல்ல குரல் கம்மிச்சு, அப்பால கணீர்னு சொன்னா. வியாழக்கெழம வந்து போர்டு பாருங்கன்னு சொல்லி அனுப்பிச்சாங்க. வியாழக்கெழம உங்க நைனாவும் நான் கூப்பிடாமயே அரை நாளு லீவு போட்டுகினு வந்தாரு. மூணாவது குரூப்பு லிஸ்டுல கடைசிலேர்ந்து ரெண்டாவது பேரு, பொ. புஷ்பவல்லி. உங்க நைனா அத்த நாலு தபா படிச்சாரு. திரும்பி வரும்போது அவ எஸ்.எஸ்.எல்.சி. புக்க அவரே தூக்கிகினு வந்தாரு, பஸ்ல எடம் கெடைச்சும் குந்தல. வர்ற புதன்கெழம காலேஜ் தொறக்குது.

நீ செஞ்சது அவளுக்கு இன்னும் தெரியாது. கோதண்டம் வந்ததையும் நான் சொல்லல. பெரிய காலேஜ்ல படிக்கணும்னு அண்ணன் ஆசப்பட்டுச்சி, என் மார்க்கால அண்ணனுக்கு தலகுனிவுன்னு தான் அவ நெனச்சிகினு கீறா. உனக்குன்னு தனியா ஒரு கடுதாசி எழுதி, தபால்ல போடும்மான்னு என் கிட்ட குடுத்தா. நான் பிரிச்சி படிச்சிட்டேன், பெத்தவ படிக்கலாம். நீ சொன்ன எடத்துல சீட்டு வாங்க முடியலன்னு உன் கிட்ட மன்னிப்பு கேட்டு எழுதி கீறா. அத்த இதுக்குள்ளயே வெச்சி கீறேன். இத்த படிச்சி முடிச்சதும் அத்த படி. மங்கை பக்கத்துல இல்லாதப்போ படி. நீ இன்னா பதில் எழுதறியோ, அது அவ பேருக்கு, உன் கையால, மெய்யா இருக்கணும். நான் உன்ன காட்டிக் குடுக்க மாட்டேன். நீயே சொல்லு.

மங்கைக்கி எத்தினியாவது மாசம்னு எழுது. ஏழாம் மாசத்துக்கு மேல குழாயடில கொடம் தூக்க உடாதே. பிரசவத்துக்கு நானே வரேன், கம்பெனில இப்பவே சொல்லி வெக்கிறேன். லீவு குடுக்கலன்னா வேலைய உட்டுட்டு வரேன். புஷ்பாவ கூப்பிட்டு ஒரு வரி எழுதினியோ, அப்பால இந்த அம்மா கையெழுத்த நீ பாக்க மாட்டே. நீயும் உன் குடும்பமும் நூறு வருசம் கொறையில்லாம வாழணும்னு கடலோரத்து அம்மன தெனமும் வேண்டிகினு தான் கீறேன், கோவத்துலயும் அத்த உடல. பேரனுக்கு ரெண்டு கன்னத்துலயும் என் முத்தம். பதில் போட மறக்காதே, அவ பேருக்கு.

இப்படிக்கு,
உன்ன பெத்த அம்மா,
பொ. பவுனம்மாள்